தராசை விடுங்கள், நாற்காலியைக் கேளுங்கள்

பெண்களின் உடற்பயிற்சி, விளையாட்டு, வயது பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகிகளிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். பலரும் “பெயர் போடாதீர்கள்” என்று எழுதியதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

வயது 52. இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் 40 நிமிஷம் நடக்கிறேன். எடை 64 கிலோவிலேயே நிற்கிறது. கை மெலிந்துவிட்டது, வயிறு மட்டும் முன்னால் வருகிறது. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. இன்னும் கூடுதலாக நடக்க வேண்டுமா?
*— வாசகி, முத்தியால்பேட்டை*

வேண்டாம். நடப்பதைக் குறைக்காதீர்கள், கூட்டவும் வேண்டாம். வாரத்துக்கு 280 நிமிடம் நடக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரம் 150 முதல் 300 நிமிடம். அதில் குறையே இல்லை. அதே நிறுவனம் இன்னொன்றும் சொல்கிறது: வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

முப்பது வயதுக்கு மேல் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. மாதவிடாய் நிற்கும் சமயத்தில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைய, அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. இரண்டு கிலோ தசை போய் இரண்டு கிலோ கொழுப்பு வந்தால் தராசில் அதே 64தான். அதனால் உங்கள் நிலைமையைச் சொல்ல அந்த மெஷினுக்குத் தகுதி இல்லை.

அளக்க இரண்டு வழி சொல்கிறோம். ஒன்று, தையல் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, சாதாரணமாக மூச்சை விட்டதும் அளவு எடுங்கள். பெரும்பாலானோர் பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளந்துவிடுகிறார்கள், அது கீழே போய்விடும். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவது, நாற்காலி. சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்கே மடக்கி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கே 12-க்குக் கீழே வந்தால் சராசரிக்கும் குறைவு என்பது கணக்கு. உங்களுக்கு 52தான்.

இனி பயிற்சி. ஜிம் வேண்டாம். 5 லிட்டர் எண்ணெய் கேன் காலியானது இரண்டு இருந்தால் போதும். தண்ணீர் நிரப்பினால் ஒன்று 5 கிலோ. பாதி நிரப்பித் தொடங்குங்கள்.

முதலில் நாற்காலியில் எழுந்து உட்காருவது. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதங்கள் தோள் அகலம். எழும்போது முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்வதுதான் எல்லோரும் செய்கிற தவறு, முட்டி வலியில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. முட்டி கால் கட்டைவிரலுக்கு நேராகவே போக வேண்டும். எழுவதற்கு ஒரு விநாடி என்றால் உட்காருவதற்கு மூன்று விநாடி எடுங்கள். பொத்தென்று விழுந்தால் பலன் பாதிகூட வராது.

அடுத்து, சமையல் மேடை விளிம்பில் கை வைத்துச் சாய்ந்து தண்டால். அது கடினமாக இருந்தால் சுவரில். பிறகு கேன் தூக்குவது: கேனை ஒரு முக்காலி மேல் வைத்து, முதுகை நேராக வைத்தபடி இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து, குதிகாலை அழுத்தி நிமிருங்கள். முதுகு வளைந்தால் எடை அதிகம் என்று அர்த்தம். நான்காவது, ஒரு கையை மேடையில் ஊன்றிக் குனிந்து மறு கையால் கேனை விலாப் பக்கம் இழுப்பது. கடைசியாக, மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்தி இறக்குவது.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. வாரம் இரண்டு நாள், நடுவில் ஓய்வு நாள் விட்டு. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். 12-ஐ முடித்தபின் “இன்னும் அஞ்சு செய்யலாம்” என்று தோன்றினால் தண்ணீரைக் கூட்டுங்கள். கூட்டாமல் ஒரே எடையை வருஷக்கணக்கில் தூக்குகிறவர்கள்தான் “ஒண்ணும் மாறலை” என்பார்கள். மூச்சை அடக்காதீர்கள். தூக்கும்போது விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலித்தால் பயப்பட வேண்டாம். மூட்டில் சுரீரென்று குத்தினால் நிறுத்த வேண்டும். நெஞ்சு வலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம், இதய நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்கலாம்.

சாப்பாடு இல்லாமல் தசை வராது. காலையில் இரண்டு இட்லியும் சட்னியும் என்றால் புரதம் 5 கிராம் அளவுதான். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 60 கிராமாவது வர வேண்டும். ஒரு முட்டை 6 கிராம், ஒரு டம்ளர் பால் 6, ஒரு கிண்ணம் சுண்டல் 10 முதல் 12, நூறு கிராம் மீன் 18-க்கு மேல். மத்தி போதும், வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. ராத்திரி ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

வெயிட் தூக்கினால் ஆம்பிளை மாதிரி உடம்பு ஆகிவிடும் என்று என் அக்கா பயமுறுத்துகிறார்.
*— வாசகி, ரெட்டியார்பாளையம்*

ஆகாது. தசையைப் பெருக்குகிற ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன். ஆண்களுக்கு இருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குகூடப் பெண்களுக்குக் கிடையாது. சிட்னி ஒலிம்பிக்கில் 2000-ஆம் ஆண்டு பளுதூக்குதலில் வெண்கலம் வாங்கிய கர்ணம் மல்லேஸ்வரி தூக்கியது நூறு கிலோவுக்கு மேல். அந்த அளவுக்கு வர எத்தனை வருஷ உழைப்பு என்று யோசித்தால், ஐந்து கிலோ கேனைப் பற்றிய கவலை போய்விடும்.

என் மகளுக்கு 16 வயது. கால்பந்து விளையாடுகிறாள். நாலு மாதமாக மாதவிடாய் வரவில்லை. “கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான்” என்கிறார்கள். தொடை பெருத்துவிட்டது என்று அவளே ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். உறவுக்காரர்கள் வேறு, “வெயிலில் கறுத்துப்போகிறாள், நாளைக்கு யார் கட்டுவார்கள்” என்கிறார்கள்.
*— தாய், திருப்பாதிரிப்புலியூர்*

“அப்படித்தான்” என்ற பதிலை ஏற்காதீர்கள். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலே மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டு, நீர்க்கட்டி போன்றவை இல்லை என்று அவர்கள் முதலில் உறுதி செய்வார்கள். அதெல்லாம் சரியாக இருந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றுதான்: செலவழிக்கிற சக்திக்கு ஈடாகச் சாப்பிடவில்லை. உடம்பு அப்போது அவசரமில்லாத வேலைகளை நிறுத்துகிறது. முதலில் நிற்பது மாதவிடாய். கூடவே ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பும் மெலிகிறது. எலும்பின் வலுவில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடும், இப்போது இழப்பதைப் பின்னால் முழுசாக மீட்பது கடினம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதை ஒரு தனிக் கோளாறாக எடுத்துச் சொல்லி எச்சரித்திருக்கிறது.

முன்னங்கால் எலும்பில் வலி இருக்கிறதா என்று கேளுங்கள். எலும்பு நெடுக வலித்தால் பெரும்பாலும் தசை எலும்போடு ஒட்டும் இடத்து வலி. ஒரே ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்தால், குதிக்கும்போது அங்கேயே குத்தினால், எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலே போகும். “எக்ஸ்ரே நார்மல்” என்று திரும்ப ஓட விடாதீர்கள்.

காலையில் ஐந்தரைக்கு வெறும் வயிற்றோடு மைதானத்துக்கு அனுப்புவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அரை மணி முன்னதாக இரண்டு வாழைப்பழம், அல்லது நாலு பேரீச்சையும் ஒரு டம்ளர் கஞ்சியும். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் முட்டை இரண்டு, அல்லது சுண்டல், கூடவே சாதமோ இட்லியோ. சாதத்தைக் குறைப்பது விளையாடும் பெண்ணுக்கு ஆகாது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்தாமல், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சேமிப்பு முதலில் தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். சாப்பாட்டோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அது இரும்பைத் தடுத்துவிடும்.

தொடை பெருத்தது குறையில்லை. பந்தோடு திரும்பும்போது முட்டியைக் காப்பாற்றுவது அந்தத் தொடைதான். முட்டிக்குள் இருக்கும் குறுக்குத் தசைநார் அறுவது பையன்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். ஓடிவந்து சட்டென்று நிற்கும்போதும், குதித்து இறங்கும்போதும் முட்டி உள்ளே மடங்குவது முக்கியக் காரணம். இதைத் தடுக்க ஃபிஃபா வகுத்த வார்ம்-அப் முறை ஒன்று இருக்கிறது, ‘11+’ என்று பெயர். மெதுவோட்டம் 8 நிமிடம், வலுவும் சமநிலையும் 10 நிமிடம், வேக ஓட்டம் 2 நிமிடம். செலவில்லை, கருவி வேண்டாம். வாரம் இரண்டு முறையாவது செய்கிற அணிகளில் காயங்கள் நன்றாகவே குறைந்திருக்கின்றன. பயிற்சியாளரிடம் இதைக் கேளுங்கள். அணியின் முன்னால் நிறுத்தி எடை பார்க்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்தவும் சொல்லுங்கள்.

உறவினர்களுக்கு: உங்கள் ஊர்க்காரர் இந்துமதி கதிரேசன் இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடியவர், தமிழகக் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனவர். உங்கள் வீட்டுப் பெண்ணின் கறுப்பு மைதானத்து வெயில் கொடுத்ததுதான். சன்ஸ்கிரீன் போடலாம், தோலுக்கு நல்லது. கல்யாணத்துக்காக என்று போட வேண்டியதில்லை.

46 வயதில் ஓட ஆசை. அண்ணா விளையாட்டரங்கத்தில் இரண்டு சுற்று ஓடினேன். மார்பு வலித்தது, கூச்சமாகவும் இருந்தது. இரண்டு பிரா போட்டுப் பார்த்தேன், மூச்சு முட்டியது. “இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்” என்று பக்கத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது.
*— வாசகி, மஞ்சக்குப்பம்*

மார்பகத்தில் தசை கிடையாது. மெல்லிய இழைகளும் தோலும்தான் தாங்குகின்றன. ஓடும்போது அது மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் ஆடுகிறது. வலி அதனால்தான். வழக்கமான பிரா இரண்டு போட்டால் நெஞ்சுக்கூடுதான் இறுகும், ஆட்டம் அடங்காது.

ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கும்போது பார்க்க வேண்டியது தோள்பட்டி இல்லை, மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டை. தாங்குவதில் பெரும்பங்கு அதற்குத்தான். மூச்சை விட்டு மார்புக்கு நேர் கீழே அளந்து அந்த அளவில் எடுங்கள். பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. கையை உயர்த்தினால் பட்டை மேலேறக் கூடாது. முதுகில் வில் மாதிரி வளைந்து ஏறினால் ஒரு அளவு பெரிது. கனமான மார்பு உள்ளவர்களுக்கு இரண்டையும் சேர்த்து அழுத்துகிற பனியன் வகை போதாது. தனித்தனிக் கிண்ணமும் பின்னால் கொக்கியும் உள்ளது வேண்டும். கடையின் டிரையல் ரூமிலேயே பத்து முறை குதித்துப் பாருங்கள், வெட்கப்பட்டால் காசு நஷ்டம். துவைக்கும்போது துணி மிருதுவாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், எலாஸ்டிக் போய்விடும்.

மேலே லூசான டி-ஷர்ட், கீழே டிராக் பேண்ட். நம் கடலோரப் புழுக்கத்தில் பருத்தி வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும், பாலியெஸ்டர் கலப்பு சௌகரியம். தொடை உரசும் இடத்தில் வாசலின். சுடிதார்தான் முடியும் என்றால் துப்பட்டாவைக் குறுக்கே கட்டி இடுப்பில் முடிந்துவிடுங்கள், காலில் சிக்கிவிடக் கூடாது. ஓட்டத்தை ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதில் தொடங்கி, 20 நிமிடத்தில் முடியுங்கள்.

பெண் என்ன போட வேண்டும் என்று உத்தரவு போடுகிறவர்கள் மைதானத்துக்கு வெளியே மட்டும் இல்லை. 2021-ல் நார்வே பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணி பிகினிக்குப் பதில் ஷார்ட்ஸ் அணிந்ததற்கு 1,500 யூரோ அபராதம் விதித்தார்கள். அங்கே குறைவாகப் போடவில்லை என்று குற்றம், இங்கே நிறையப் போடவில்லை என்று குற்றம். அந்த விதியை அதே ஆண்டு மாற்றினார்கள். விம்பிள்டனில் வெள்ளைப் பாவாடைக்குள் அடர்நிற ஷார்ட்ஸ் அணிய அனுமதி வந்தது 2023-ல்தான். மாதவிடாய் நாளில் வெள்ளையில் ஆடும் பயம் புரிய இத்தனை காலம்.

“இந்த வயசுல” என்பதற்கு: ஜிம்னாஸ்டிக்ஸில் இருபதைத் தாண்டினால் கிழவி என்பார்கள். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா டோக்கியோ ஒலிம்பிக்கில் தாண்டியபோது உங்கள் வயதுதான், 46. அது அவருடைய எட்டாவது ஒலிம்பிக்.

ஸ்கிப்பிங் ஆடினால், இருமினால்கூட ஒரு சொட்டு சிறுநீர் வந்துவிடுகிறது. இரண்டும் சுகப்பிரசவம். இதை யாரிடமும் கேட்க முடியவில்லை.
*— வாசகி, வில்லியனூர்*

இப்படி எழுதியவர் நீங்கள் மட்டும் இல்லை. பெரும்பாலோருக்கு இது பயிற்சியால் குறையும். இடுப்புக் குழியின் அடியில் தொட்டில் போலத் தாங்கும் தசைகள் பிரசவத்தில் தளர்ந்துவிட்டன. காற்று பிரியாமல் அடக்குவது போலவும் சிறுநீரை அடக்குவது போலவும் ஒரே நேரத்தில் உள்ளே, மேலே இழுங்கள். 5 விநாடி பிடித்து, 5 விநாடி முழுசாக விடுங்கள். எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை. மெல்ல மெல்ல 10 விநாடிக்குக் கொண்டுவாருங்கள். மூன்று மாதமாவது ஆகும்.

பலன் வராதவர்கள் மூன்று தவறு செய்கிறார்கள்: மூச்சை அடக்குவது, புட்டத்தை இறுக்குவது, மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குவது. கழிப்பறையில் சிறுநீரை நடுவில் நிறுத்திப் பழகவும் வேண்டாம். இருமல், தும்மல் வருவதற்கு ஒரு கணம் முன்னால் இழுத்துப் பிடிக்கப் பழகுங்கள், உடனடிப் பலன் அதில்தான். அதுவரை ஸ்கிப்பிங்குக்குப் பதில் படி ஏறுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள். எரிச்சல், ரத்தம், கீழே ஏதோ இறங்குவது போன்ற கனம் இருந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

வயது 58. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.1. யோகா வகுப்பைத் தொடரலாமா?
*— வாசகி, நெல்லிக்குப்பம்*

மைனஸ் 1 வரை சரி. மைனஸ் 2.5-ஐ எட்டினால் எலும்புப்புரை. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். யோகா தொடரலாம். ஆனால் பச்சிமோத்தானாசனம், ஹலாசனம் மாதிரி முதுகெலும்பை முன்னால் வளைத்து அழுத்தம் கொடுப்பவை வேண்டாம். படுத்து எழும் சிட்-அப்பும் வேண்டாம். முள்ளெலும்பின் முன்பகுதி நசுங்குவது இப்படித்தான். விருட்சாசனம் நல்லது, மேடையைப் பிடித்தபடி. வீரபத்ராசனமும் சரி. ஆசிரியரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். முத்தியால்பேட்டை வாசகிக்குச் சொன்ன கேன் பயிற்சி உங்களுக்கும் உண்டு, குறைந்த எடையில், முதலில் யாராவது தெரிந்தவர் பார்க்க.

கால்சியம் நாளைக்கு 1,200 மில்லிகிராம். நூறு கிராம் கேழ்வரகில் 350 அளவு, இரண்டு டம்ளர் பாலில் 480. மாத்திரை என்றால் ஒரு தடவைக்கு 500-க்கு மேல் உடம்பு சரியாக ஏற்காது, பிரித்துப் போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி. இன்னொன்று மிக முக்கியம்: 60,000 யூனிட் வைட்டமின் டி வாரம் ஒன்று என்று எழுதித்தருவது. அதைத் தினம் ஒன்றாகப் போட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி மருத்துவமனையில் சேருகிறவர்கள் உண்டு. சீட்டை இரண்டு முறை படியுங்கள்.

வயிற்றில் கட்டும் பெல்ட், அதிரும் மெஷின், ‘ஸ்லிம்’ டீ?
*— வாசகிகள், பல ஊர்கள்*

பெல்ட் வியர்க்க வைக்கும், தண்ணீர் குடித்ததும் எடை திரும்பும். பல டீக்களில் இருப்பது பேதி மருந்து. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

61 வயது. பள்ளியில் குண்டு எறிதலில் பரிசு வாங்கியிருக்கிறேன். மூத்தோர் தடகளத்தில் கலந்துகொள்ளலாமா?
*— வாசகி, நெய்வேலி*

தாராளமாக. மூத்தோர் பிரிவு 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து வயதாகப் பிரிகிறது. நீங்கள் 60–64 பிரிவு. 2017-ல் ஆக்லாந்து மூத்தோர் போட்டியில் நம் நாட்டு மன் கௌர் நூறு மீட்டர் ஓடியபோது அவருக்கு வயது 101. ஓடத் தொடங்கியதே 93-ல்.

உங்கள் பிரிவில் குண்டு 3 கிலோ. 75 வயதில் 2 கிலோவாகும். உடனே எறியப் போகாதீர்கள். ஈசிஜியும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கால், முதுகு, தோள் வலு. பிறகு வாரம் இரண்டு நாள், நின்ற இடத்திலிருந்து 15 தடவை. சறுக்கியோ சுழன்றோ எறிவதெல்லாம் பிறகு. குண்டு உள்ளங்கையில் உட்காரக் கூடாது, விரல்களின் அடிப்பகுதியில் நிற்க வேண்டும், கழுத்தை ஒட்டியே கிளம்ப வேண்டும். முழங்கை கீழே இறங்கினால் பந்து வீசுவது மாதிரி ஆகிவிடும். தோள் பிய்வதும் அப்போதுதான், ஃபவுல் கொடுப்பதும் அப்போதுதான். தள்ளுகிற விசை காலிலிருந்து வருகிறது என்பது மறந்துபோயிருக்கும். பின்காலைத் திருப்பி இடுப்பு முன்னால் வந்த பிறகுதான் கை.

பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்பார்கள். ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் தேதி வேறு வேறாக இருந்தால் பதிவு செய்வதற்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.